வீட்டில் செய்யும் மக்கரோனி சீஸ்: எந்தச் செய்முறையை நம்பலாம்?

கேள்வி: பிள்ளைகள் இருவருக்கும் மக்கரோனி அண்ட் சீஸ் என்றால் உயிர். வெளியே அடிக்கடி வாங்கிக் கொடுத்தால் கட்டுப்படியாகவில்லை. இணையத்தில் பார்த்து வீட்டில் செய்தேன். ஒருமுறை எண்ணெய் பிரிந்து மேலே மிதந்தது. இன்னொரு முறை சாஸ் ரவை ரவையாகத் திரிந்தது. வேறொரு செய்முறையில் ஓவனிலிருந்து எடுத்ததும் வறண்டு கட்டியாகிவிட்டது. நாங்கள் சைவம், முட்டையும் சேர்ப்பதில்லை. இருப்பது சின்ன டோஸ்டர் ஓவன்தான். சிங்கப்பூரில் கிடைக்கும் பொருள்களை வைத்து நம்பிச் செய்யக்கூடிய ஒரு செய்முறை சொல்லுங்கள். டிசம்பரில் உறவினர்கள் வரும்போதும் செய்ய நினைக்கிறேன்.

பதில்:

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இது சரியாக வராததற்கு உங்கள் கைப்பக்குவம் காரணம் இல்லை. பெரும்பாலான செய்முறைகள் "சீஸைச் சேர்த்துக் கிளறவும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. முழு சமாச்சாரமும் அந்த ஒரு வரிக்குள்தான் இருக்கிறது. அது புரிந்துவிட்டால் எந்தச் செய்முறையையும் அடுப்பு பற்றவைக்கும் முன்பே படித்துப் பார்த்து, இது தேறும், இது தேறாது என்று சொல்லிவிடலாம். நான் செய்யும் முறையையும் கீழே தருகிறேன். ஆனால் செய்முறையை எடைபோடத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு நெடுநாள் உதவும்.

சீஸ் என்பது பால் புரதம் பின்னிக்கொண்டு நிற்கும் வலை. கேசீன் எனப்படும் அந்தப் புரதத்தைக் கால்சியம் பிணைத்து வைத்திருக்கிறது. வலையின் கண்களுக்குள் கொழுப்பும் நீரும் அடைபட்டிருக்கின்றன. மிதமான சூட்டில் முதலில் கொழுப்பு இளகும், பிறகு வலையும் தளர்ந்து சீஸ் ஒழுகத் தொடங்கும். நமக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்கு மேலும் சூடேற்றினால் புரதம் மறுபடி இறுகி, உள்ளே இருக்கும் நீரையும் கொழுப்பையும் பிழிந்து வெளியே தள்ளிவிடும். மேலே மிதக்கும் எண்ணெய், நாக்கில் தட்டுப்படும் ரவை இரண்டும் இந்த ஒரே காரணத்தால் வருபவை.

வெண்ணெயில் மைதாவை வறுத்துப் பால் ஊற்றிக் கொதிக்கவிடுவது சாஸைக் கெட்டியாக்க மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அதைவிடப் பெரிய வேலை ஒன்றையும் அந்த மாவு செய்கிறது. வெந்து உப்பிய மாவுச்சத்து புரதத் துணுக்குகளுக்கு நடுவே புகுந்து, அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரளாமல் தடுக்கிறது. கொழுப்பும் பிரிந்து ஓடாமல் சாஸுக்குள்ளேயே நிற்கிறது. மாவே வேண்டாம், பாலும் சீஸும் போதும் என்று சொல்லும் செய்முறையில் எண்ணெய் பிரிவதற்கு இதுதான் காரணம்.

தொழிற்சாலைகளில் இதே சிக்கலை வேறு வழியில் தீர்த்தார்கள். 1911-இல் சுவிட்சர்லாந்தில் வால்டர் கெர்பர், ஃபிரிட்ஸ் ஸ்டெட்லர் என்ற இருவர், சோடியம் சிட்ரேட் என்ற உப்பைச் சேர்த்துச் சூடாக்கினால் சீஸ் பிரியாமல் உருகுவதைக் கண்டறிந்தார்கள். அந்த உப்பு கால்சியத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் புரத வலை கட்டவிழ்ந்து கொழுப்போடும் நீரோடும் கலந்துவிடுகிறது. அமெரிக்காவில் ஜேம்ஸ் கிராஃப்ட் 1916-இல் பதப்படுத்திய சீஸுக்குக் காப்புரிமை பெற்றார். 1937-இல் அவருடைய நிறுவனம் பெட்டியில் அடைத்த மக்கரோனி சீஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நாம் ரொட்டியில் வைத்துச் சாப்பிடும் சீஸ் ஸ்லைஸ் சூட்டில் திரியாமல் வழவழவென்று இளகுவதும் இப்படிப்பட்ட உப்புகளால்தான். இந்தக் கதையை இங்கே சொல்லக் காரணம் உண்டு. அந்த ஸ்லைஸில் இரண்டை நம் சாஸிலும் போட்டால், அதில் இருக்கும் உப்பு கூடவே இருக்கும் நல்ல செடார் சீஸையும் திரியாமல் காப்பாற்றும். பதப்படுத்திய சீஸைக் கேவலமாகப் பேசுபவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பதார்த்தத்தில் அதற்கு உரிய இடம் உண்டு என்பதுதான் என் கருத்து.

சரி, இப்போது ஒரு செய்முறையைப் படிக்கும் முறைக்கு வருவோம்.

சீஸ் எப்போது சேர்கிறது என்பதை முதலில் பாருங்கள். அடுப்பை அணைத்துவிட்டு, ஓரிரு நிமிடம் ஆறவிட்டு, துருவிய சீஸைக் கைப்பிடி கைப்பிடியாகச் சேர்க்கச் சொன்னால் எழுதியவருக்கு விஷயம் தெரியும் என்று அர்த்தம். கொதிக்கும் சாஸில் மொத்தமாகக் கொட்டச் சொன்னாலோ, சீஸ் போட்ட பிறகு கொதிக்கவிடச் சொன்னாலோ அந்தச் செய்முறையை விட்டுவிடுங்கள். மற்றதெல்லாம் எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் சரி.

அடுத்து அளவு. 100 கிராம் காய்ந்த மக்கரோனிக்கு 250 முதல் 300 மில்லி பால், 80 முதல் 100 கிராம் சீஸ் இருக்க வேண்டும். 100 மில்லி பாலுக்கு 5 முதல் 7 கிராம் மைதா, அதே எடைக்கு வெண்ணெய். ஓவனில் வைக்கும் செய்முறை என்றால் பால் 280-க்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது. மக்கரோனி ஓவனுக்குள்ளும் சாஸை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உங்களுக்குக் கடைசியாக வந்த வறட்சி அநேகமாக இதனால்தான். பாலைக் குறைத்து மாவைக் கூட்டிய செய்முறைகள் ஏராளம். படத்தில் சாஸ் திரண்டு அழகாகத் தெரியும், தட்டில் போட்டதும் களியாகிவிடும்.

மூன்றாவது, மக்கரோனியை எவ்வளவு நேரம் வேகவைக்கச் சொல்கிறார்கள் என்பது. பொட்டலத்தில் போட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் முன்பே வடித்துவிட வேண்டும். கடித்தால் நடுவில் லேசாக விறைப்பு இருக்க வேண்டும். முழுதாக வெந்ததை ஓவனில் வைத்தால் குழைந்துவிடும். காப்பிக் கடையில் காலையில் கிடைக்கும் மக்கரோனி சூப்புக்கு அந்தக் குழைவு பிடித்திருக்கலாம், இங்கே அது ஆகாது.

இணையத்தில் கிடைப்பவை பெரும்பாலும் அமெரிக்கச் செய்முறைகள். அவற்றின் அளவுகள் நம் தராசுக்கு ஒத்துவராமல் பலர் குழம்பிப் போகிறார்கள். ஒரு பவுண்டு என்றால் 454 கிராம். 8 அவுன்ஸ் என்றால் சுமார் 227 கிராம். வெண்ணெய் ஒரு ஸ்டிக் என்றால் 113 கிராம். 350 டிகிரி ஃபாரன்ஹீட் என்பது ஏறக்குறைய 175 டிகிரி செல்சியஸ், 400 என்பது 200. ஹாஃப் அண்ட் ஹாஃப் என்று எழுதியிருந்தால் பாலும் கிரீமும் சரிபாதி கலந்தது. துருவிய சீஸைக் கப் கணக்கில் சொல்லும் செய்முறைகளில் கவனமாக இருங்கள். அழுத்தி நிரப்புவது, தூவி நிரப்புவது என்று கைக்குக் கை எடை மாறும். கிராமில் எழுதிய செய்முறை கிடைத்தால் அதற்கே முதலிடம் கொடுங்கள். சமையலறையில் சின்னத் தராசு ஒன்று இருந்தால் இந்தப் பதார்த்தத்தில் பாதிக் கவலை தீர்ந்தது.

இனி சீஸ். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ருசி முழுக்க இங்கேதான்.

அடிப்படை செடார். நம் பேரங்காடிகளில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்து வரும் செடார் கட்டிகள் தாராளமாகக் கிடைக்கும். மைல்ட் என்று இருப்பது இளசு, நன்றாக உருகும், ருசி மந்தம். அந்நாட்டுப் பொட்டலங்களில் டேஸ்டி அல்லது மெச்சூர்ட் என்று இருப்பது பல மாதங்கள் முதிரவிட்டது, ருசியும் உருகும் தன்மையும் இரண்டுமே ஓரளவு கைகூடும். வின்டேஜ் என்பது மேலும் முதிர்ந்தது. வாயில் போட்டால் அபாரமாக இருக்கும், ஆனால் சாஸில் எண்ணெய் விடுவதில் அதுதான் முன்னால் நிற்கும். முதிர முதிரப் புரத வலை சிதைந்து, நீரும் குறைந்துபோவதால் அது சூட்டைத் தாங்குவதில்லை. ஆகவே பெரும்பங்கு டேஸ்டி, அதோடு இரண்டு சீஸ் ஸ்லைஸ் என்ற கூட்டணியைத்தான் நான் எப்போதும் சொல்வேன். கொஞ்சம் செலவு செய்யலாம் என்றால் செடாரில் கால் பங்குக்குப் பதில் கௌடா சேர்த்துப் பாருங்கள், லேசான இனிப்போடு நன்றாக உருகும்.

மொசரெல்லா நூல் நூலாக இழுபடும், ருசி மிகக் குறைவு. மேலே தூவ ஒரு கைப்பிடி போதும். முழு சாஸையும் அதில் செய்தால் ரப்பர் போலாகிவிடும். பனீர் வேண்டவே வேண்டாம். அமிலம் விட்டுத் திரித்த பனீர் எவ்வளவு சூட்டிலும் உருகாது, தண்ணீர் விட்டு இறுகத்தான் செய்யும். சைவ வீடுகளில் பனீரைத் துருவிப் போட்டுப் பார்த்து ஏமாந்தவர்கள் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள், அதனால் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

துருவி அடைத்து விற்கும் சீஸ் வசதிதான். ஆனால் துகள்கள் ஒட்டாமல் இருக்க அதில் ஸ்டார்ச்சோ செல்லுலோஸோ தூவியிருப்பார்கள். பீட்சாவுக்குப் பாதகமில்லை, சாஸில் அது நறநறக்கும். கட்டியாக வாங்கி வீட்டில் துருவுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் துருவத் துருவ சீஸ் கையோடு ஒட்டும், ஆகவே துருவுவதற்கு முன் கால் மணி நேரம் ஃபிரீசரில் வைத்து எடுத்தால் சுலபம். துருவியதைச் சாஸில் போடும் முன் அரை மணி நேரம் வெளியே வையுங்கள். சில்லென்று இருக்கும் சீஸ் சாஸின் சூட்டை இறக்கிவிட்டால் முழுதாக உருகாது.

நீங்கள் சைவம் என்றதால் ரென்னெட் பற்றிச் சொல்லியாக வேண்டும். பாலை உறைய வைக்கப் பயன்படும் ரென்னெட் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்தும் எடுக்கப்படுகிறது, நுண்ணுயிரிலிருந்தும் கிடைக்கிறது. இப்போது விற்கும் செடாரில் பெரும்பகுதி இரண்டாம் வகை என்றாலும், பொட்டலத்தின் பின்பக்கத்தில் மைக்ரோபியல் ரென்னெட், நான் அனிமல் ரென்னெட், அல்லது சைவருக்கு ஏற்றது என்ற வாசகம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெறுமனே ரென்னெட் என்று மட்டும் போட்டிருந்தால் வைத்துவிடுங்கள். அசல் பார்மேசனான பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸைக் கன்றின் ரென்னெட்டில்தான் செய்ய வேண்டும் என்பது விதி. ஆகவே மேலே பார்மேசன் தூவச் சொல்லும் செய்முறைகளில் அந்த வரியைத் தாண்டிவிடுங்கள். இந்தியாவிலிருந்து வரும் சீஸ் பொட்டலங்களில் பச்சைப் புள்ளி இருந்தால் கவலை இல்லை, முட்டையும் இருக்காது. தேக்கா வட்டாரத்திலும் முஸ்தஃபாவிலும் அமுல் பதப்படுத்திய சீஸைத் தேடிப் பாருங்கள், ஸ்லைஸுக்குப் பதில் அதைத் துருவிச் சேர்க்கலாம். மக்கரோனியிலும் முட்டை சேர்க்காததா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கோதுமை ரவையும் தண்ணீரும் மட்டும் சேர்ந்தவைதான் அதிகம்.

இப்போது செய்முறை. நான்கு பேருக்குத் தாராளமாக வரும் அளவு இது. மக்கரோனி 250 கிராம், பால் 700 மில்லி, மைதா 40 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 40 கிராம், துருவிய செடார் 200 கிராம், சீஸ் ஸ்லைஸ் இரண்டு, கடுகுத் தூள் அரை டீஸ்பூன், வெள்ளை மிளகுத் தூள் கால் டீஸ்பூன், ஜாதிக்காய் ஒரு சிட்டிகை. தராசு இல்லாவிட்டால் மைதா ஐந்து மட்டமான டேபிள்ஸ்பூன் என்று வைத்துக்கொள்ளலாம். பால் முழுக் கொழுப்புப் பாலாக இருக்கட்டும். ஃபிரிட்ஜில் வைக்கும் புதிய பால், அட்டைப் பெட்டியில் வரும் நீண்டநாள் பால் இரண்டுமே சரி. பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை ஒத்துக்கொள்ளாதவர்கள் வீட்டில் இருந்தால் லாக்டோஸ் இல்லாத பாலைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், சாஸ் துளி இனிக்கும், வேறு வித்தியாசம் இல்லை. முதிர்ந்த செடாரில் லாக்டோஸ் ஏற்கெனவே மிகக் குறைவு.

இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு இரண்டு டீஸ்பூன் உப்பு போட்டு மக்கரோனியை வேகவிடுங்கள். முன்னே சொன்னபடி நேரத்துக்கு முன்பே வடியுங்கள். வடித்த தண்ணீரில் ஒரு கப் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த நீரில் அலச வேண்டாம்.

அடிகனமான பாத்திரத்தில் வெண்ணெயை உருக்கி, மைதாவைப் போட்டுச் சிறு தீயில் ஒன்றரை இரண்டு நிமிடம் கிளறுங்கள். நுரைத்து, பச்சை மாவு வாசனை போக வேண்டும், நிறம் மாறக் கூடாது. மாவு சிவந்துவிட்டால் கெட்டியாக்கும் சக்தி குறையும். பாலை முன்கூட்டியே வெதுவெதுப்பாக்கி வைத்திருந்து, முதலில் அரைக் கரண்டி ஊற்றிக் கட்டியில்லாமல் கலக்குங்கள். பசை மாதிரி ஆகும், பயப்பட வேண்டாம். அப்புறம் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஊற்றி, பாதிப் பால் போன பிறகு மீதியை மொத்தமாகவே ஊற்றலாம். கம்பிக் கரண்டி இருந்தால் வேலை எளிது.

இப்போது நடுத்தரத் தீயில் வைத்துக் கிளறிக்கொண்டே கொதிநிலைக்குக் கொண்டுவாருங்கள். இந்தக் கட்டத்தில் கொதிக்கத்தான் வேண்டும், கொதித்தால்தான் மைதா முழுதாக வெந்து கெட்டிப்படும். தீயைக் குறைத்து நாலைந்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். ஆப்ப மாவுப் பதத்தில் இருந்தால் சரியாக வந்திருக்கிறது. அதைவிடக் கெட்டியாக இருந்தால் கொஞ்சம் பால் விடுங்கள், சீஸ் சேர்ந்ததும் இன்னும் இறுகும்.

அடுப்பை அணையுங்கள். பாத்திரத்தை வேறு இடத்துக்கு மாற்றுங்கள், மின்சார அடுப்பாக இருந்தால் இது கட்டாயம், அணைத்த பிறகும் தட்டு சூடாகவே இருக்கும். இரண்டு நிமிடம் பொறுத்து முதலில் சீஸ் ஸ்லைஸைக் கிழித்துப் போட்டுக் கரையுங்கள். பிறகு செடாரைக் கைப்பிடியளவு போட்டு, அது கரைந்த பிறகே அடுத்த கைப்பிடி. கடுகுத் தூள், மிளகு, ஜாதிக்காய் சேருங்கள். உப்பு கடைசியில், ருசி பார்த்துத்தான். சீஸிலேயே நிறைய உப்பு உண்டு, பல நேரம் மேற்கொண்டு தேவைப்படாது.

கடுகுத் தூள் சேர்ப்பது நமக்குப் புதிதாகத் தோன்றலாம். அரை டீஸ்பூன் அளவில் கடுகு தனியாகத் தெரியாது, சீஸின் ருசி மட்டும் எடுப்பாகத் தெரியும். அதன் காரம் சூட்டில் பறந்துவிடும் என்பதால் கடைசியில் சேர்க்கச் சொல்கிறேன். ஜாதிக்காயை மட்டும் சிட்டிகைக்கு மேல் போடாதீர்கள். ஒரு காலத்தில் நம் ஆர்ச்சர்ட் சாலைப் பகுதியெங்கும் ஜாதிக்காய்த் தோட்டங்கள் இருந்தன. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் நோய் தாக்கி அவை அழிந்துபோயின. அந்தச் சாலையில் நடக்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

நிறத்தைப் பற்றியும் பிள்ளைகள் கேட்பார்கள். கடையில் கிடைக்கும் ஆரஞ்சு நிறம் சீஸின் இயல்பான நிறம் இல்லை, அனாட்டோ விதையின் சாயம், ருசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வெள்ளைச் செடாரில் செய்து ஒரு சிட்டிகை மஞ்சள் தூளும் கால் டீஸ்பூன் பாப்ரிகா என்ற காரமில்லாத மிளகாய்த் தூளும் போட்டால் அதே நிறம் வரும். பெட்டி மக்கரோனி விற்கும் கிராஃப்ட் நிறுவனமே அமெரிக்காவில் 2016 வாக்கில் செயற்கைச் சாயத்தை விட்டுவிட்டுப் பாப்ரிகா, அனாட்டோ, மஞ்சள் ஆகியவற்றுக்கு மாறியது.

மக்கரோனியைச் சாஸில் புரட்டுங்கள். தேவைக்கு மேல் தளர்ந்திருக்கிறதே என்று தோன்றும். அப்படித்தான் இருக்க வேண்டும், ஐந்து நிமிடத்தில் உறிஞ்சிக்கொள்ளும். அதற்கு முன்பே கெட்டியாகத் தெரிந்தால் எடுத்து வைத்த தண்ணீரில் கொஞ்சம் விடுங்கள். பிள்ளைகளுக்கு மொறுமொறுப்பு முக்கியமில்லை என்றால் இப்படியே பரிமாறலாம், ஓவன் தேவையே இல்லை.

மேலே மொறுமொறுவென்று வேண்டும் என்றால் அதற்கு மட்டும்தான் ஓவன் என்று நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஏற்கெனவே வெந்து சூடாக இருக்கிறது. நாற்பது நிமிடம் வேகவைக்கச் சொல்லும் செய்முறைகள் நல்ல சாஸையும் திரித்துவிடும். 200 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம் போதும். டோஸ்டர் ஓவனில் மேல் கம்பி பாத்திரத்துக்கு மிக அருகில் இருப்பதால் 180-இல் வைத்து, முதல் எட்டு நிமிடம் அலுமினியத் தாளால் மூடி, பிறகு திறந்து சிவக்கவிடுங்கள். நடுவில் ஒருமுறை பாத்திரத்தைத் திருப்புங்கள். ஆழமில்லாத பாத்திரமாக இருந்தால் மேற்பரப்பு அதிகம் கிடைக்கும், கொள்ளாவிட்டால் இரண்டாகப் பிரித்து வையுங்கள். ஏர் ஃபிரையரிலும் ஆகும், 170 டிகிரியில் எட்டு நிமிடத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருங்கள்.

மேலே தூவ ரொட்டித் தூளைவிட கிரீம் கிராக்கர் பிஸ்கட் எனக்குப் பிடிக்கும். நாலைந்தைக் கையால் நொறுக்கி, ஒரு டேபிள்ஸ்பூன் உருக்கிய வெண்ணெயில் பிசறித் தூவுங்கள். தூள் ரொம்பப் பொடியாக வேண்டாம். வறுத்த கறிவேப்பிலையைக் கசக்கி அதோடு சேர்த்தால் வீடே மணக்கும், சீஸோடு அது அவ்வளவு பொருந்துகிறது.

நம் ருசிக்கு மாற்றுவது பற்றி: முதல் முறை எதுவும் மாற்றாமல் செய்யுங்கள், பிறகு விளையாடலாம். பச்சை மிளகாய், வெங்காயம், பூண்டு எதுவானாலும் பொடியாக நறுக்கி, மைதா போடுவதற்கு முன் வெண்ணெயிலேயே வதக்கிவிடுங்கள். காளான் என்றால் தனியாகத் தண்ணீர் வற்ற வதக்கியும், புரோக்கோலி என்றால் அரைவேக்காடாக வேகவைத்து நன்றாக வடித்தும் கடைசியில் சேருங்கள். தக்காளி, எலுமிச்சை, புளிப்பான எதையும் சாஸுக்குள் விடாதீர்கள், திரிந்துவிடும். கரம் மசாலா எனக்குச் சம்மதமில்லை, சீஸின் வாசனையை அது அமுக்கிவிடுகிறது. காரம் வேண்டுபவர்கள் பக்கத்தில் சம்பல் வைத்துக்கொள்ளலாம். சைவம் என்பதால் பெலாச்சான் என்ற இறால் விழுது சேராத சம்பலாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளி நாளில் மாலை ஆறு மணிக்கு மேல் இவ்வளவு வேலை முடியாது என்பது தெரியும். அதற்கு எவாப்பரேட்டட் பால் டின் இருக்கிறது, தே சி என்ற தேநீர் போட நம் வீடுகளில் வைத்திருப்போமே அதுதான். பாலிலிருந்து பாதிக்கு மேல் தண்ணீரை வற்ற வைத்திருப்பதால் புரதம் செறிவாக இருக்கும். சூட்டில் திரியாமல் இருக்கப் பாஸ்பேட் உப்பு போன்றவற்றையும் சேர்த்திருப்பார்கள். ஆகவே சாஸ் சுலபத்தில் பிரியாது. 200 கிராம் மக்கரோனியை வேகவைத்து வடித்து, அதே பாத்திரத்தில் 200 மில்லி எவாப்பரேட்டட் பால் ஊற்றிச் சூடாக்குங்கள். துருவிய செடார் 200 கிராமில் இரண்டு டீஸ்பூன் சோள மாவைப் பிசறி, சிறு தீயில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கிளறுங்கள். பால் கொதி வந்து, பிறகு அடங்கிய பின் சீஸைப் போடுவது இங்கும் நல்லது. கால் மணி நேர வேலை, வெண்ணெய், மைதா எதுவும் வேண்டாம். டின் வாங்கும்போது மட்டும் சேர்மானங்களைப் படியுங்கள். நம் ஊரில் விற்பவற்றில் சில பால் கொழுப்புக்குப் பதில் செம்பனை எண்ணெய் சேர்த்தவை, ஃபில்டு என்றோ கிரீமர் என்றோ போட்டிருக்கும். அவற்றிலும் சாஸ் வரும், ஆனால் பால் ருசி இருக்காது. பக்கத்திலேயே அடுக்கியிருக்கும் கண்டென்ஸ்டு பால் டின்னை அவசரத்தில் எடுத்துவிடாதீர்கள், அது சர்க்கரை சேர்த்தது.

ஏற்கெனவே செய்து திரிந்துபோன சாஸைக் காப்பாற்ற முடியுமா என்றால், எண்ணெய் பிரிந்ததை ஓரளவு முடியும். அடுப்பிலிருந்து இறக்கி, ஒரு கரண்டி பாலும் ஒரு சீஸ் ஸ்லைஸும் போட்டு விடாமல் அடித்துக் கலக்கினால் மறுபடி சேரும். ரவையாகத் திரிந்தது முழுதாகச் சரியாகாது. மக்கரோனி சேர்ப்பதற்கு முன்பாக இருந்தால் பிளெண்டரில் ஒரு சுற்று சுற்றினால் சாப்பிடும்படி ஆகும்.

டிசம்பர் விருந்துக்கு முதல் நாளே செய்து வைக்கலாம். பாலை 100 மில்லி கூட்டி 800 ஆக்குங்கள், மக்கரோனியை இன்னும் ஒரு நிமிடம் முன்பே வடியுங்கள். சாஸையும் மக்கரோனியையும் கலந்து பாத்திரத்தில் பரப்பி, ஆறியதும் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். பிஸ்கட் தூளை அப்போதே தூவ வேண்டாம், நமத்துப்போகும். கண்ணாடிப் பாத்திரத்தை ஃபிரிட்ஜிலிருந்து நேராகச் சூடான ஓவனில் வைத்தால் விரிசல் விடலாம், அரை மணி நேரம் வெளியே வைத்துப் பிறகு ஏற்றுங்கள். தாளால் மூடி 180 டிகிரியில் 25 நிமிடம், பிறகு திறந்து பிஸ்கட் தூள் தூவிப் பத்து நிமிடம். நடுவில் கரண்டியை விட்டுப் பார்த்தால் சுடச்சுட இருக்க வேண்டும். மேசையில் வைத்த பிறகு நம் ஊர் வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விட வேண்டாம்.

மிச்சமானதை மறுநாள் சூடாக்கும்போது ஒரு தட்டுக்கு இரண்டு டேபிள்ஸ்பூன் பால் தெளித்து, மூடி, மைக்ரோவேவில் பாதிச் சக்தியில் ஒவ்வொரு நிமிடமும் கிளறி எடுங்கள். முழுச் சக்தியில் வைத்தால் எண்ணெய் பிரிந்துவிடும். உறவினர்கள் எத்தனை பேர், ஓவனின் உள்ளளவு என்ன என்று எழுதினால் அதற்கேற்ற அளவையும் போட்டுத் தருகிறேன்.